பேசாப் படம் முதல் பேசும் படம் வரை: ராஜா சாண்டோவின் வாழ்க்கை

நுழையும்முன்

மாணவர்களே, சாம்பியன் ரீப்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். 1880களில் இங்கே பொன் சுரங்கப் பணி விரிவடைந்தபோது, மொழி தெரியாத ஊருக்கு அவர்கள் கொண்டுவந்த முதல் பெரும்பாலும் உடல் வலிமை ஒன்றே. அந்த வலிமையைக் கொண்டே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையை உடைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

உடல் வலிமையை மட்டும் நம்பி வேற்றுமொழி பேசும் ஊருக்குச் சென்று, அங்கே கலைஞராக உயர்ந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம். மொழி தேவைப்படாத கலையில் அவர் புகழ் பெற்றார். அந்தக் கலை பேசத் தொடங்கியபோது, தம் தாய்மொழியில் பிறரைப் பேச வைக்கும் ஆசிரியராக விளங்கினார்.

1. பெயர் வந்த வழி

அவருடைய இயற்பெயர் நாகலிங்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்தது. இளமையிலேயே நாகலிங்கத்துக்கு உடற்பயிற்சியில் பெருவிருப்பம் உண்டாயிற்று. நாள்தோறும் பயின்று கட்டான உடலைப் பெற்றார்.

அக்காலத்தில் யூஜின் சாண்டோ என்னும் ஜெர்மானிய வீரர் உலகப் புகழ் பெற்றிருந்தார். பெரும் எடைகளைத் தூக்கியும் தசைகளை முறுக்கிக் காட்டியும் மேடைகளில் காண்போரை வியக்க வைத்தவர் அவர். 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் இந்திய இளைஞர் பலர் அவரைப் பின்பற்றி உடற்பயிற்சி செய்யலாயினர். நாளடைவில் 'சாண்டோ' என்னும் பெயர், உடல் வலிமை மிக்கவரைக் குறிக்கும் பட்டமாகத் தமிழில் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரும் சாண்டோ சின்னப்பா தேவர் என்றே அழைக்கப்பட்டார்.

நாகலிங்கமும் அப்பட்டத்தைப் பெற்றார். முன்னால் 'ராஜா' என்னும் அடைமொழியும் சேர்ந்தது. பி. கே. ராஜா சாண்டோ என்பதே அவர் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயரை இன்று அறிந்தவர் சிலரே.

2. பம்பாய்க்குப் பயணம்

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படமான ராஜா ஹரிச்சந்திராவைத் தாதாசாகேப் பால்கே 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் பம்பாய் நகரில் படக் கம்பெனிகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்று எஸ். என். பாட்டன்கர் நடத்திய நேஷனல் பிலிம் கம்பெனி. புதுக்கோட்டையிலிருந்து பம்பாய் சென்ற ராஜா சாண்டோ அங்கே சண்டைக் காட்சி நடிகராகத் தம் திரை வாழ்வைத் தொடங்கினார்.

அக்காலச் சண்டைக் காட்சி நடிகரின் பணி எளிதானதன்று. படக்கருவியைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தனர். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் பதிவாகும். போதிய விளக்கொளி இல்லாமையால் பெரும்பாலும் சூரிய ஒளியையே நம்பியிருந்தனர். உயரத்திலிருந்து குதிப்பது, குதிரைமேல் பாய்வது, மல்லுக்கு நிற்பது ஆகிய யாவும் மெய்யாகவே செய்யப்பட்டன. நடிகரைக் காக்க இன்றுள்ளவை போன்ற கருவிகள் இல்லை. உடலே அவருடைய மூலதனம். அந்த உடலே அன்றாடம் ஆபத்துக்கும் உள்ளாயிற்று. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த நீங்கள் இந்நிலையை எளிதில் உணர்வீர்கள்.

1923ஆம் ஆண்டில் வெளிவந்த வீர பீம்சேன் என்னும் படம் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. உடல் வலிமையே உருவான பீமனின் கதை, பயில்வான் ஒருவருக்கு ஏற்றதாக அமைந்தது. ஆயினும் அவர் வலிமையைக் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. முகத்தாலும் கண்களாலும் உள்ளக் கருத்தை வெளிப்படுத்தும் கலையையும் கற்றுக்கொண்டார்.

3. மொழி தேவைப்படாத கலை

அன்று திரைப்படத்துக்கு ஒலி இல்லை. நடிகர் வாயசைப்பார், ஓசை எழாது. கதையை விளக்கும் சில சொற்கள் இடையிடையே எழுத்து அட்டைகளாகத் திரையில் தோன்றும். அட்டைகளை மாற்றிவிட்டால் ஒரே படத்தைக் குஜராத்தி பேசும் ஊரிலும் தமிழ் பேசும் ஊரிலும் காட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரையின் அருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவதும் உண்டு.

இதனால் நடிகரின் தாய்மொழி எது என்பது எவருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பம்பாயின் கோஹினூர் பிலிம் கம்பெனி இதற்கு நல்ல சான்று. அந்தக் கம்பெனியில் நடித்த சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முன்னர்த் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். மற்றொரு நடிகையான கோஹர் லாகூரில் பிறந்தவர். ராஜா சாண்டோ புதுக்கோட்டைத் தமிழர். வீட்டு மொழியால் வேறுபட்ட இம்மூவரும் ஒரே திரையில் ஒன்றாகத் தோன்றினர். காண்போர் அவர்களிடம் வேற்றுமை எதையும் காணவில்லை.

1926ஆம் ஆண்டில் டெலிபோன் கேர்ள், டைப்பிஸ்ட் கேர்ள் என்னும் படங்கள் வெளிவந்தன. பழைய புராணக் கதைகளை விடுத்து, நகரத்தில் வேலைக்குச் செல்லும் பெண்களின் வாழ்க்கையை இப்படங்கள் காட்டின. 1927ஆம் ஆண்டில் சந்துலால் ஷா இயக்கிய குணசுந்தரி, கணவன் மனைவியருக்கிடையே எழும் சிக்கலைப் பேசியது. இப்படங்களில் ராஜா சாண்டோ நடித்தார். வில்லையும் கதாயுதத்தையும் ஏந்திய வீரர், இப்போது கோட்டு அணிந்த நகரத்து மனிதராகவும் திரையில் தோன்றினார்.

சமகால மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் சமூகப் படங்கள்மீது அவருக்குப் பற்று ஏற்பட்டது இக்காலத்தில்தான். அரசர்களும் தேவர்களும் மட்டுமல்லர், நம்மைப் போன்ற மனிதர்களும் கதைக்கு உரியவர்களே என்பதை அவர் இப்படங்களில் நடித்து உணர்ந்தார். 1920களின் இறுதியில் தாமே படங்களை இயக்கவும் தொடங்கினார்.

4. சென்னையில் ஒரு தொடக்கம்

அந்நாளில் தென்னிந்தியாவில் திரைத்தொழில் முளைவிட்டுக்கொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் படக்காட்சிக் கருவி ஒன்றை வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுசென்று படம் காட்டினார். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் கீசகவதம் என்னும் பேசாப் படத்தைச் சென்னையில் எடுத்தார். ஆயினும் தொழில் நுணுக்கம் அறிந்தோர் சென்னையில் மிகச் சிலரே இருந்தனர்.

ஆர். பத்மநாபன் என்பவர் சென்னையில் அசோசியேட்டட் பிலிம்ஸ் என்னும் கம்பெனியை நடத்தினார். அதற்காகப் படங்களை இயக்க ராஜா சாண்டோ பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்தார். பேயும் பெண்ணும், நந்தனார், அநாதைப் பெண் முதலிய பேசாப் படங்களை 1930, 1931ஆம் ஆண்டுகளை ஒட்டி இயக்கினார்.

இவற்றுள் இரண்டு படங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அடியார் ஒருவர் கோயிலுக்குள் செல்ல ஏங்கிய கதையே நந்தனார். கோயில் நுழைவு உரிமைக்காக நாட்டில் குரல் எழுந்துகொண்டிருந்த காலத்தில் இப்படம் வெளிவந்தது. அநாதைப் பெண், வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது. ஜகன்மோகினி இதழை நடத்திய கோதைநாயகி, பெண்களின் துயரங்களைத் தம் நாவல்களில் எடுத்துரைத்தவர். பம்பாயில் கற்ற சமூகப் படக் கலையைத் தமிழ்நாட்டின் சிக்கல்களைச் சொல்லவும் பயன்படுத்தலாம் என்பதை ராஜா சாண்டோ காட்டினார்.

5. திரை பேசத் தொடங்கியது

1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் ஆலம் ஆரா என்னும் இந்திப் படம் வெளியாயிற்று. அதுவே இந்தியாவின் முதல் பேசும் படம். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் டி. பி. ராஜலட்சுமி நடித்த காளிதாஸ் சென்னையில் வெளியாயிற்று. அப்படத்தில் நாயகி தமிழில் பேசினார். மற்றவர்களுள் சிலர் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினர். ஆயினும் தம் மொழியைத் திரையில் முதன்முறையாகக் கேட்ட மக்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர்.

ஒலி வந்தவுடன் நடிகர்களின் நிலை மாறிற்று. உடலழகும் முகக்குறிப்பும் போதும் என்றிருந்த இடத்தில், குரல் வளமும் மொழித் தெளிவும் வேண்டப்பட்டன. பேசாப் பட உலகின் பெரும் நட்சத்திரமாக விளங்கிய சுலோசனாவே சிறிது காலம் நடிப்பை நிறுத்திவிட்டு இந்துஸ்தானி மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. மொழியைக் கற்க இயலாத நடிகர்கள் பலர் வாய்ப்பை இழந்தனர். அதுவரை எவரும் கேட்காத ஒரு கேள்வி ஒவ்வொரு நடிகர் முன்னும் எழுந்தது. உன் மொழி எது என்பதே அக்கேள்வி.

ராஜா சாண்டோ, இந்திப் படங்களில் நடித்தபோதிலும், தமிழ்ப் பேசும் படங்களை இயக்குவதில் தம் கருத்தைச் செலுத்தினார். பல ஆண்டுகள் பம்பாயில் தொழில் செய்தவருக்குத் தாய்மொழியே அடுத்த வழியைத் திறந்துவிட்டது.

6. மேனகா

பேசும் படங்களுக்குத் தமிழ் பேசவும் பாடவும் வல்லவர்கள் தேவைப்பட்டனர். அத்தகையோர் நாடகக் குழுக்களில் இருந்தனர். அவர்களுக்கு மேடை தெரியும், படக்கருவி தெரியாது. படக்கருவியை அறிந்தவர்கள் பம்பாயில் இருந்தனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டையும் அறிந்த வெகு சிலருள் ராஜா சாண்டோ ஒருவர்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா என்னும் நாவலை டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்துவந்தனர். அது 1935ஆம் ஆண்டில் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. படப்பிடிப்புக்காக நாடகக் குழுவினர் பம்பாய்க்குச் சென்றனர். டி. கே. சண்முகம், டி. கே. பகவதி, என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி ஆகியோர் அப்படத்தில் நடித்தனர். இவர்கள் யாவரும் பின்னாளில் தமிழ் நாடகத்திலும் திரையிலும் பெரும்புகழ் பெற்றவர்கள்.

மேடை நடிகர்களுக்குத் திரை நடிப்பைக் கற்பிப்பது கடினமான பணி. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு உரத்த குரலில் பேசிப் பழகியவர்கள் அவர்கள். ஒலிவாங்கியின்முன் மெல்லப் பேசினாலே போதும். மேடையில் கைகளை அகல வீசிக் காட்டும் உணர்ச்சியைத் திரையில் ஒரு பார்வையாலேயே காட்டலாம். பேசாப் படங்களில் பார்வையாலும் உடல் அசைவாலும் மட்டுமே நடித்த ராஜா சாண்டோ, அந்தச் சிக்கனத்தைப் பேசும் படத்துக்கும் கொண்டுவந்தார். படப்பிடிப்புத் தளத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். நேரந்தவறாமையையும் கட்டுப்பாட்டையும் அனைவரிடமும் எதிர்பார்த்தார். அவருடைய கோபத்துக்கு அஞ்சியவர்களும் உண்டு.

புராணக் கதைகளே மிகுதியாகப் படமாக்கப்பட்ட காலத்தில் மேனகா ஒரு குடும்பக் கதையைச் சொன்னது. தமிழின் தொடக்க காலச் சமூகப் படங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

7. பிற்காலப் படங்கள்

1936ஆம் ஆண்டில் ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலைத் தழுவிய சந்திரகாந்தா என்னும் படத்தை இயக்கினார். அப்படத்தின் வழியே திரையுலகில் நுழைந்தவர் பி. யு. சின்னப்பா. அவரும் புதுக்கோட்டைக்காரரே. பின்னர் அவர் தமிழ்த் திரையின் முன்னணிப் பாடக நடிகராகத் திகழ்ந்தார். 1939ஆம் ஆண்டில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த திருநீலகண்டர் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் வெளிவந்து வெற்றி பெற்றது.

கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில், பாகவதர் நடித்த சிவகவி படத்தை இயக்கும் பணியையும் அவர் ஏற்றார். ஆயினும் கருத்து வேறுபாட்டால் இடையிலேயே விலகினார். எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு அப்படத்தை முடித்து 1943ஆம் ஆண்டில் வெளியிட்டார். படக் கலையைத் தமிழருக்குக் கற்பித்தவருக்கு, தாம் தொடங்கிய பெரும்படத்தை முடிக்கும் வாய்ப்பு அமையவில்லை. எந்தக் கண்டிப்பு அவரை உயர்த்தியதோ, அதுவே சில நேரங்களில் அவரைத் தனிமைப்படுத்தியும் இருக்கலாம்.

1940களின் முற்பகுதியில், ஐம்பது வயதை ஒட்டி, ராஜா சாண்டோ கோயம்புத்தூரில் காலமானார்.

8. எஞ்சியது என்ன?

ராஜா சாண்டோ சென்னையில் இயக்கிய பேசாப் படங்களை இன்று நம்மால் பார்க்க இயலாது. தென்னிந்தியப் பேசாப் படங்களுள் ஏறத்தாழ முழுமையாகக் கிடைப்பது மார்த்தாண்ட வர்மா ஒன்றே. அது வேறொருவர் இயக்கியது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் விரைவில் சிதையும். மேலும், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி கலந்திருந்தது. பேசும் படங்கள் வந்தபின் பயனற்றவையாகக் கருதப்பட்ட பழைய சுருள்கள் பல, வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அழிக்கப்பட்டன. பாறையை அரைத்துப் பொன்னை எடுத்தபின் எஞ்சிய மண், நம் ஊரில் மேடு மேடாகக் குவிந்து கிடப்பதை அறிவீர்கள். சுருளிலிருந்து வெள்ளியை எடுத்தபின்போ அதிலிருந்த முகங்களில் ஒன்றும் எஞ்சவில்லை.

எனினும் அவருடைய பணி மறைந்துவிடவில்லை. அவரிடம் பயின்றவர்கள் பிறருக்குக் கற்பித்தனர். நடிப்பில் சிக்கனம், தொழிலில் ஒழுங்கு, சாதாரண மனிதரின் கதைக்கு மதிப்பு ஆகியவை அடுத்த தலைமுறைக்குச் சென்றன. தமிழ்நாடு அரசு திரைக் கலைஞர்களுக்கு வழங்கும் சிறப்பு விருதுகளுள் ஒன்று ராஜா சாண்டோவின் பெயரைத் தாங்கியுள்ளது.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் வெளியே கன்னடமும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறோம். அவை யாவும் நமக்கு வேண்டியவையே. ராஜா சாண்டோவும் பம்பாயில் கற்றதைத் துறக்கவில்லை. அங்கே கற்ற தொழிலே அவரை உயர்த்தியது. ஆனால், காலம் மாறி மொழி தேவைப்பட்டபோது, இளமையில் பேசிய தமிழ் அவரிடம் மறவாமல் இருந்தது. தொழிலையும் தாய்மொழியையும் சேர்த்து வைத்திருந்ததால்தான், இரண்டு உலகங்களுக்கிடையே அவரால் பாலமாக நிற்க முடிந்தது.

அருஞ்சொற்பொருள்

சமஸ்தானம் – சிற்றரசர் ஆண்ட நாடு
அடைமொழி – பெயருக்கு முன் சேரும் சிறப்புச் சொல்
மூலதனம் – தொழிலுக்கு அடிப்படையான முதல்
சமகாலம் – ஒருவர் வாழும் அதே காலம்
ஒலிவாங்கி – ஒலியை ஏற்றுப் பதிவுக்கு அனுப்பும் கருவி
சிக்கனம் – தேவைக்கு மிகாமல் பயன்படுத்துதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நாகலிங்கத்துக்குச் சாண்டோ என்னும் பட்டம் எவ்வாறு வந்தது?
2. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேசாப் படத்தின் கதையை எவ்வாறு புரிந்துகொண்டனர்?
3. பேசும் படம் வந்தபின் சுலோசனா ஏன் நடிப்பைச் சிறிது காலம் நிறுத்தினார்?
4. பேசாப் படச்சுருள்கள் அழிந்ததற்குரிய காரணங்கள் யாவை?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. மேடை நடிப்புக்கும் திரை நடிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. மேனகா படத்தை இயக்க ராஜா சாண்டோ ஏற்றவராக இருந்தது ஏன்? விளக்குக.

இ. கேட்டு எழுதுக.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், குடும்பம் எந்த ஊரிலிருந்து இங்கு வந்தது, வந்தவர் முதலில் செய்த வேலை யாது, அப்போது அவருக்குத் தெரிந்த மொழிகள் எவை என்பவற்றைக் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதுக. எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுக.